கட்டடம் நல்லது, தண்ணீர்தான் கெட்டது: தர்மபுரியில் போர் தண்ணீரில் ஓடும் ஒரு வீடு

தர்மபுரி பைபாஸ் பக்கம் ஒரு பழைய வீட்டை விலை குறைத்துச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். விரிசல், ஒழுக்கு, பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்தாயிற்றாம். தண்ணீரை மட்டும் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்தில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரை நம்பி ஓடும் வீட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதே மாதிரி தண்ணீரில் வருஷக்கணக்காக ஓடும் வீட்டில், கெய்சர் பழுது பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

நான் பழுது பார்த்த இந்த வீட்டின் கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். கருங்கல் கடைக்கால், கெட்டித் தரை, ஜன்னல் அடியிலும் படியிலும் கிரானைட். சுவரில் சாய்வான பெரிய விரிசல் எதுவும் இல்லை. மாடியில் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் மட்டும் மயிரிழை விரிசல் வரும். அதை வீ வடிவில் வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவை வைத்து, மூலையை வளைவாக உருட்டிப் பூசிவிட்டால் போதும். ஆடி கழிவதற்குள் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட வேண்டும். மாடிக்கு வருஷா வருஷம் வேலை அவ்வளவுதான்.

இந்தக் கட்டடத்துக்குள் ஓடும் தண்ணீர் தொட்டதையெல்லாம் கெடுக்கிறது. ஆழ்துளைக் கிணறு பாறை இடுக்கில் ஊறும் நீரைத்தான் எடுத்துத் தருகிறது. பாறையோடு நெடுநாள் கிடந்த நீரில் கால்சியம், மெக்னீசியம், ஃப்ளோரைடு எல்லாம் கரைந்திருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரம் அதை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

கெய்சர்தான் முதல் பலி. கடின நீரைச் சூடாக்கினால் அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சூடு அதிகமான இடம் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) என்பதால் முதல் படிவு அதன்மேல்தான். படிவு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாமல் தடுப்பதால் எலிமென்ட் உள்ளுக்குள்ளேயே காய்ந்து, அதன் உலோக உறை வெடித்து, மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழும். தண்ணீர் சூடாக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பதும், டேங்குக்குள் கொரகொரவென்று சத்தம் கேட்பதும் முன்னறிகுறிகள்.

கெய்சருக்கு வருஷம் ஒருமுறை பராமரிப்பு என்று எழுதியிருப்பது நல்ல தண்ணீர் உள்ள ஊருக்கு. இங்கே ஆறு மாதம்தான் கணக்கு. எம்சிபியை (மெயின் போர்டிலுள்ள சர்க்யூட் பிரேக்கர்) இறக்கி, உள்வரும் வால்வை மூடி, டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றி, ஃபிளாஞ்ச் (எலிமென்ட்டை டேங்கோடு பிடித்திருக்கும் தகடு) நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி எலிமென்ட்டை வெளியே எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டி உடைக்க வேண்டாம், உறை நெளியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் (கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள்) கரைத்து, நுரை அடங்கும்வரை ஊறவிட்டால் படிவு இளகிவிடும். கரைசலைக் கொதிக்க விட்டால் கால்சியம் சிட்ரேட்டாக மறுபடி படியும். பாத்ரூம் ஆசிட்டைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. செம்பு உறையை அது அரித்துவிடும்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2000 வாட் எலிமென்ட் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் உறைக்கும் இடையே ஏதாவது அளவு காட்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், சுத்தம் செய்து பிரயோஜனம் இல்லை. ரப்பர் கேஸ்கட் ஒவ்வொரு முறையும் புதிது. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

கூடவே இருக்கும் மெக்னீசியம் ஆனோடு ராடைப் பெரும்பாலான மெக்கானிக்குகள் கேட்காமல் மாற்றுவதில்லை. டேங்கைத் துருவிலிருந்து காக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. உப்பு அதிகமான தண்ணீரில் மின்சாரம் எளிதாகக் கடப்பதால் ராடு வேகமாகத் தீரும். பாதி கனம் போயிருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் வையுங்கள், 60-க்கு மேலே போகப் போகப் படிவு கூடும். சூடாகும்போது பாதுகாப்பு வால்வு சொட்டுவது இயல்பு. சொட்டவே இல்லையென்றால் உப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த வால்வு நிஜமான ஆபத்து.

சோலார் ஹீட்டரும் இப்படித்தான். கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்புத் தூள் நிறையும். சுத்தம் செய்வதானால் விடியற்காலையில் செய்யுங்கள், வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும். குழாய் முனையிலுள்ள வெள்ளிப்பூச்சு வெளுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம்.

டேப் வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். கால்வாசி திருப்பிலேயே திறக்கும் டேப்பின் உள்ளே இருக்கும் செராமிக் ஸ்பிண்டில், உப்புத் துகள் சிக்கிக் கீறல் விழுந்ததும் ஒழுகத் தொடங்கும், அப்புறம் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். வாஷர் போட்ட பழைய பித்தளை டேப்புக்குச் சில ரூபாய் வாஷர் போதும். மாடிக்கும் தோட்டத்துக்கும் அதுதான் சரி. ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க, டேங்குக்குள் கொஞ்சம் கலர்ப்பொடி போட்டு இருபது நிமிஷம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி வாஷரில் உப்பு ஏறியிருக்கிறது.

சுவரில் தரையை ஒட்டி வெள்ளையாகப் பூப்பதற்கும், இதே தண்ணீரில் கட்டியது காரணமாக இருக்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 சொல்கிறது. வீடு கட்டும்போது யாரும் அளப்பதில்லை. பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் வைத்தால் தீராதா என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் லிட்டருக்குச் சுமார் 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின், கடினத்தன்மை 600 உள்ள தண்ணீர் என்றால் சுமார் 1,900 லிட்டருக்கு ஒருமுறை உப்புக் கரைசலால் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 3 கிலோ உப்பு. நாளைக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில் நாலு நாளைக்கு ஒருமுறை. கெய்சருக்குப் போகும் லைனில் மட்டும் வைத்தால் கட்டுப்படியாகும். குழாயில் மாட்டும் காந்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், முன்னும் பின்னும் அளந்தால் கடினத்தன்மை மாறியிருக்காது.

சாஃப்ட்னர் ஃப்ளோரைடை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. ஃப்ளோரைடுக்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று வழி இல்லாவிட்டால் 1.5. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். குடிக்க மட்டுமல்ல, சோறு குழம்புக்கும் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமாதானமே கூடாது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் ஓடத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே வந்தது.

எதிர்பாராத சந்தோஷம் மழைநீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைத் தனித் தொட்டியில் பிடித்தால், அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. சோப்பு உடனே நுரைக்கும், கெய்சர் சத்தமில்லாமல் ஓடும்.

நண்பருக்கு என் பதில்: இந்த மாதிரிக் கட்டடத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். ஆனால் போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் இணைப்பு அந்த வீட்டின் பேரில் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, அதைப் பிடிக்கத் தனி சம்ப் உண்டா, போர் தண்ணீரும் அதுவும் ஒரே தொட்டியில் கலக்கிறதா என்று கேளுங்கள். ஷவர் தலையைத் திருகி, உள்ளே உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தால், குடிபோவதற்கு முன் கெய்சருக்கும் சமையலறைக்கும் தனி லைன் போட்டு, நல்ல தண்ணீருக்கென்று 500 லிட்டர் டேங்க் ஒன்றை மாடியில் ஏற்றிவிடுங்கள்.