சொந்தங்களுக்கு இலங்கை விசா போடப் போகிறீர்களா? 100 டொலர் அலுவலுக்கு நான் 445 டொலர் கட்டிய கதை

வங்கியில் இருந்து வரவேண்டிய கடைசிப் பதிலும் போன கிழமை வந்துவிட்டது. இனி இதில் திரும்பக் கிடைக்க ஒன்றும் இல்லை, ஆகவே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரருக்கு விசா போட்டுக் கொடுக்கிற வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 100 டொலரோடு முடிந்திருக்க வேண்டியதற்கு நான் 445 டொலர் கட்டினேன், கட்டியும் ஒழுங்காக முடியவில்லை.

தம்பிக்கு 2025 தை மாதக் கடைசியில் கலியாணம். மண்டபம் பம்பலப்பிட்டியில், வீடு வெள்ளவத்தையில். ஸ்காபரோவில் இருந்து தங்கச்சி, அதாவது சித்தியின் மகள், அவளுடைய கணவர், ஏழும் பத்தும் வயதில் இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் கனடா பாஸ்போர்ட். திருச்சியில் இருந்து மாமி, அவர் இந்தியப் பாஸ்போர்ட். மார்கழி நடுப்பகுதியில் ஒரு நாள் தங்கச்சி வாட்ஸப்பில் வந்தாள். "அக்கா, விசாவை நீங்களே போட்டு விடுங்கோ, நீங்கதானே அங்க இருக்கிறீங்க."

கொழும்பில் இருந்தால் விசா தெரியும் என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நாங்கள் எங்கள் சொந்த நாட்டுக்கு ஒரு நாளும் விசா எடுத்ததில்லையே, எங்களுக்கு என்ன தெரியும்?

ஒரு ஞாயிறு இரவு, சமையல் எல்லாம் முடித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து 'ஸ்ரீலங்கா விசா' என்று தேடினேன். முதலாவதாக வந்ததைத் தட்டினேன். அதன் தலையில் 'விளம்பரம்' என்று ஒரு சின்னச் சொல் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும், அன்றைக்கு அதைப் பார்க்கவே இல்லை. மேலே எங்கள் கொடி, பின்னால் சிகிரியா, கீழே ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகிற படம். இலத்திரனியல் பயண அனுமதி, அதாவது எல்லாரும் இடிஏ என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்ட கேள்விகளும் சரியாகத்தான் இருந்தன, பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் இலக்கம், எந்த விமானம், இங்கே தங்கும் முகவரி என்று. சொல்லப்போனால் அரசாங்கத்தின் பக்கத்தை விட அது வடிவாக இருந்தது.

ஆளுக்கு 89 டொலர் என்று காட்டியது. இந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஏன் தட்டவில்லை என்றால், 2024 முழுக்க இந்த விசா அலுவலில் நடந்த கூத்து அப்படி. 2012 ஜனவரியில் இருந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடிஏ முறையை 2024 ஏப்ரலில் நிறுத்தி, வெளிநாட்டுத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் விசா வழங்கும் வேலையைக் கொடுத்தார்கள். மே மாதம் தொடங்கியதும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் இதைக் கேட்டுச் சத்தம் போட்ட வீடியோ எல்லாருடைய ஃபோனிலும் சுற்றியது ஞாபகம் இருக்கும். சேவைக் கட்டணம், அது இது என்று சேர்த்து ஒரு விசாவுக்கு 100 டொலருக்கு மேல் போகிறது என்று அப்போது ஊரெல்லாம் ஒரே கதை. ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டம்பர் கடைசியில் பழைய இடிஏ திரும்பி வந்தது. அது திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும், கட்டணம் என்ன ஆனது என்பது மட்டும் தெரியாது. 100 என்று மனதில் பதிந்திருந்தபடியால் 89ஐப் பார்த்ததும், பரவாயில்லையே, குறைத்திருக்கிறார்களே என்று சந்தோசப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இந்த மாதிரித் தளங்கள் பிழைப்பதே இப்படியான குழப்பத்தில்தான். ஒரு முறையைக் கொண்டுவந்து, மாற்றி, திரும்ப மாற்றினால் சனத்துக்கு எது சரியான பக்கம், எது சரியான காசு என்று ஒன்றும் விளங்காது.

சரியான காசு என்ன என்று இப்போது சொல்கிறேன். நான் போட்ட நேரத்தில் 30 நாள் சுற்றுலா அனுமதிக்கு சார்க் என்கிற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு 20 டொலர், மற்ற நாட்டவருக்கு 50 டொலர், இந்தியா உட்பட சில நாட்டவருக்கு மட்டும் இலவசம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு சதமும் இல்லை. ஆகத் தங்கச்சிக்கும் கணவருக்கும் 100, மாமிக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பூச்சியம். நான் ஏழு வயதுப் பிள்ளைக்கும் 89 கட்டினேன். என்னுடைய கார்டில்தான் கட்டினேன், எங்கள் காசில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் அளவில் போனது.

கட்டி முடித்த கையோடு அடுத்த பக்கம் வந்தது, துரித சேவை வேண்டுமா, ஆளுக்கு இன்னும் 30 டொலர் என்று. பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நல்லகாலம், அதற்கு நான் மசியவில்லை.

மூன்று நாளில் கனடாக்காரர் நாலு பேருக்கும் அனுமதி மின்னஞ்சலில் வந்தது. அந்த அனுமதிகள் போலி இல்லை. உங்களிடம் வாங்கிய விவரத்தை அவர்கள் அரசாங்கப் பக்கத்தில் தாங்களே தட்டிப் போட்டு, 50 டொலரையோ ஒன்றுமில்லாததையோ கட்டி, வந்த பதிலை உங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் கட்டுகிற மிச்சக் காசு அந்தத் தட்டச்சு வேலைக்குக் கூலி. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாமிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை போனது, புத்தாண்டு போனது. எழுதிக் கேட்டால், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில், ஒவ்வொரு முறையும் அதே வரி. மாமி திருச்சியில் இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழைப்பார். "பிள்ளை, எனக்கு மட்டும் தர மாட்டேங்கிறானா? நான் என்ன குத்தம் பண்ணேன்?" என்று கேட்கிறபோது என்ன சொல்வது? கவர்மெண்ட் அலுவல், அப்படித்தான் மாமி பிந்தும் என்று சொல்லிச் சமாளித்தேன். பாவம், அதில் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களிடம் மாமியின் விண்ணப்பம் போகவே இல்லை.

மாமியின் பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒஃபிசில் பக்கத்து மேசை நானாவிடம் இதைப் பற்றிப் புலம்பினேன். அவர் முன்பு நீர்கொழும்பில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்தவர். ஃபோனை வாங்கிப் பார்த்தார், ஐந்து செக்கன் கூட எடுக்கவில்லை. "தங்கச்சி, இது கவர்மெண்ட் சைட் இல்லையே. கடைசியில என்ன இருக்கு பாருங்க."

கடைசியில் 'டொட் கொம்' இருந்தது. உண்மையான பக்கம் இ-டி-ஏ டொட் கவ் டொட் எல்கே. கவ் டொட் எல்கே என்று முடிகிற முகவரியை இலங்கை அரச நிறுவனங்களைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாது என்று அவர்தான் விளக்கினார். முன்னால் எதையும் போடலாம், ஸ்ரீலங்கா, இடிஏ, விசா, கவ் என்ற சொல்லைக்கூட நடுவில் செருகலாம். முடிவில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் அந்தத் தளத்தின் அடிப்பக்கம் வரைக்கும் விரலால் இழுத்துக்கொண்டே போனார். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தில், 'நாங்கள் எந்த அரசாங்கத்தோடும் தொடர்புடையவர்கள் அல்லர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கண்ணாடி போட்டும் எனக்கு அதை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது, இரண்டு விரலால் பெரிதாக்கித்தான் வாசித்தேன்.

அன்றே மாமிக்கு உண்மையான பக்கத்தில் புதிதாகப் போட்டேன். தேநீர் நேரத்தில் அனுப்பினேன், ஒரு சதமும் கேட்கவில்லை, மத்தியானச் சாப்பாடு முடிந்து வர அனுமதி வந்திருந்தது. நாலு கிழமையாக நான் மாமிக்குச் சொன்ன பொய்யெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது.

சரி, காசுதானே போனது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தங்கச்சி குடும்பத்தைக் கூட்டிவரக் கட்டுநாயக்கவுக்குப் போனேன். விமானம் அதிகாலை இரண்டரைக்கு இறங்கியது. மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று, அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் தள்ளுவண்டியோடு வெளியே வந்து வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். நாலேகாலுக்குத் தங்கச்சி அழைத்தாள். குரலே சரியில்லை. "அக்கா, இவருக்கு விசா இல்லையாம். பாஸ்போட் நம்பர் பிழையாம்."

அவளுடைய கணவரின் பாஸ்போர்ட் இலக்கத்தில் ஒரு 6 இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் அந்த இடத்தில் 8. நான்தான் பிழையாக அடித்தேனோ என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நின்ற இடத்திலேயே, அன்று எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டைத் தேடிப் பார்த்தேன். நான் 6 என்றுதான் அடித்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் தட்டியபோது 8 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் என்னிலும் பிழை இருக்கிறது. கடிதம் வந்தபோது பெயரை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே அவளுக்கு அனுப்பினேன், இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கவில்லை. இலக்கம் ஒத்துப் போகாவிட்டால் அந்த அனுமதியால் பிரயோசனம் இல்லை, பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுசர் என்று தங்கச்சி சொன்னாள். தூங்கி விழுகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, பதற வேண்டாம், அந்தக் கவுண்டரில் புதிதாக எடுக்கலாம் என்று வழி காட்டினாராம். வந்திறங்கி எடுத்தால் அப்போது கட்டணம் 60 டொலர், முன்கூட்டியே எடுப்பதை விடப் பத்து டொலர் கூட. ஆக அந்த ஒரு மனுசருக்கு மட்டும் 89உம் 60உம், மொத்தம் 149. அவர்கள் வெளியே வரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. சின்னவன் தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு மேல் படுத்து நித்திரை. தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கலியாணம் நல்லபடி நடந்தது, அதை விடுங்கள்.

காசைத் திரும்பக் கேட்டு எழுதினேன். தளத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்தில் இயந்திரம் பேசியது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு சங்கீதம், பிறகு அழைப்பு அறுந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது, சேவைக் கட்டணம் மீளளிக்கப்பட மாட்டாது, நிபந்தனைகளுக்கு நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள் என்று. ஓம், அந்தச் சின்னப் பெட்டியில் நானே சரி போட்டிருக்கிறேன். வங்கிக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன், படிவம், ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் பிரதி எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். கிடைத்த முடிவு: மாமிக்குச் சேவையே செய்யவில்லை என்று காட்ட முடிந்ததால் அந்த 89 டொலர் கார்டுக்குத் திரும்ப வந்தது. மற்ற நாலும் போனது போனதுதான், சேவை செய்ததற்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கிறதாம். 8 போட்ட கடிதமும் அவர்கள் கணக்கில் சேவைதான்.

காசை விட எனக்கு இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. ஐந்து பேரின் பாஸ்போர்ட் விவரம், பிறந்த திகதி, எங்கள் வீட்டு முகவரி எல்லாவற்றையும் யாரென்று தெரியாத ஒரு கூட்டத்துக்கு நானே என் கையால் தட்டிக் கொடுத்திருக்கிறேன். கார்டை வங்கியில் சொல்லி மாற்றிவிட்டேன். பாஸ்போர்ட்டை அப்படி மாற்ற முடியுமா?

ஆகவே, தேடல் பெட்டியில் தேடாதீர்கள், முகவரியைக் கையால் அடியுங்கள். யாராவது குடும்பக் குரூப்பில் லிங்க் அனுப்பினால் அதையும் தட்டாதீர்கள், அனுப்பியவர் நல்லவராக இருக்கலாம், அவரும் என்னைப் போல ஒருவராக இருக்கலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காசு கேட்டால் உடனே பக்கத்தை மூடுங்கள். அனுமதி வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் பார்த்து இலக்கத்தைச் சரிபாருங்கள். அரசாங்கப் பக்கத்திலேயே விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கவும் ஒரு இடம் இருக்கிறது, அதில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கட்டணம் நான் சொன்னதுதான் என்று பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள், இந்த நாட்டில் அது எப்போது மாறும் என்று சொல்ல முடியாது, போடுகிற அன்றைக்கு அந்தப் பக்கத்திலேயே பாருங்கள்.

வருகிற மாதம் சிட்னியில் இருந்து மாமா வருகிறார். விசாவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கக்கூட இல்லை. நேற்று அவராகவே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார், முகவரியின் கடைசி எழுத்துகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, கீழே, "இது சரிதானே பிள்ளை?"