வகுப்பா, கடனா, சமையலறையா? அமெரிக்க லத்தீனோ சிறுதொழில்காரர்களுக்கான உதவித் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்க நினைப்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அரசு, தொண்டு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் இலவச வகுப்பு நடக்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் என லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் மனதில் வைத்தே நடத்தப்படும் திட்டங்களும் நிறைய. இருந்தும், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 18.7 சதவீதமாக இருந்த, லத்தீனோ எனப்படும் இந்தச் சமூகத்திடம், சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனங்களில் 2021இல் ஏறக்குறைய 7 சதவீதம்தான் இருந்தது.

இந்தத் திட்டங்களை அளக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கையில் என்ன இருக்கிறது? சான்றிதழ் மட்டும்தான் என்றால் மதிப்பெண் குறைவு. லைசன்ஸ், சட்டப்படி சமைக்க ஓர் இடம், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர், விற்க ஒரு கடை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் அது உதவி.

ஏன் இப்படிக் கறாராகப் பேசுகிறேன் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தமாலே வியாபாரத்தைப் பாருங்கள். மக்காச்சோள மாவுக்குள் கறியோ மிளகாயும் சீஸுமோ வைத்து, சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது தமாலே. விடிவதற்குள் அண்டாவோடு வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு, ஒரு டஜனுக்கு என்ன அடக்கம், என்ன லாபம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. 2019 முதல் நடைபாதை வியாபாரம் அங்கே குற்றமில்லை. ஆனால் சுகாதார விதிகள் அப்படியே இருந்தன. சூடான உணவைக் கையாளும் வண்டி என்றால் பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, கை கழுவத் தனியாக ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், கழிவுநீருக்கு இன்னொன்று. இத்தனையையும் ஏற்றிய பிறகு அதை யார் தள்ளுவது? 2022இல் இன்னொரு சட்டம் வந்துதான் சின்ன வண்டிகளுக்கு இந்த விதிகள் தளர்ந்தன. அந்த மூன்று தொட்டிக்கு எந்த பிசினஸ் பிளான் வகுப்பிலும் விடை இருந்திருக்காது. சட்டசபைக்குப் போய்ப் போராடிய வியாபாரிகளாலும் அவர்களோடு நின்ற அமைப்புகளாலும்தான் அது மாறியது.

ஸ்கோரா, எஸ்.பி.டி.சி.யா?

அரசுப் பக்கம் முதலில். 1953இல் தொடங்கிய சிறுதொழில் நிர்வாகத் துறைதான், அதாவது எஸ்.பி.ஏ.தான், இதற்கெல்லாம் தாய்வீடு. அதன் ஆதரவில் 1964இல் வந்தது ஸ்கோர். ஓய்வு பெற்ற நிர்வாகிகளும் தொழிலதிபர்களும் சம்பளமில்லாமல் ஆலோசனை சொல்லும் அமைப்பு. எஸ்.பி.டி.சி. என்ற சிறுதொழில் வளர்ச்சி மையங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் இயங்குகின்றன. அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் ஆலோசகர்கள். இரண்டிலும் தனி ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். என் தேர்வு எஸ்.பி.டி.சி. ஸ்கோரில் கிடைப்பது எதிரே உட்காரும் மனிதரைப் பொறுத்தது. முப்பது வருடம் பெரிய கம்பெனியில் கணக்குப் பார்த்தவருக்கு வரி பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் கேட்டால் அருமையாகச் சொல்வார். ரொக்கத்திலேயே ஓடும் தோட்ட வேலைத் தொழிலை எப்படிக் கணக்குக்குள் கொண்டுவருவது என்று கேட்டால் தடுமாறலாம். ஆகவே ஒரே ஒரு தெளிவான கேள்வி இருப்பவர் ஸ்கோருக்குப் போகலாம். எஸ்.பி.டி.சி. ஆலோசகரோ கடன் விண்ணப்பத்துக்கான காகிதங்களைக் கூடவே உட்கார்ந்து தயார்செய்து கொடுப்பார். சான் அன்டோனியோவில் டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்துவது போன்ற, மெக்சிகோ எல்லைப்பகுதிக்கான மையங்களில் ஸ்பானிஷில் பேசும் ஆலோசகர்களும் உண்டு. பெண்களுக்கு மூன்றாவது வாசலாக 1988 சட்டத்தால் வந்த மகளிர் தொழில் மையங்கள் இருக்கின்றன.

ஸ்பானிஷ் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தவர்களில் பலருக்குத் தாய்மொழி சபோடெக் என்ற பழங்குடி மொழி. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் யுகடான் மாயா மொழி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஸ்பானிஷ் கையேடும் வேற்றுமொழிக் கையேடுதான். இதை யோசித்திருக்கும் திட்டங்கள் மிகக் குறைவு.

கடன் வழியாக வரும் பயிற்சி

வங்கிக் கதவு எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லத்தீனோ தொழில்முனைவோர் ஆய்வுக்குழுவின் 2020 அறிக்கை போதும். மற்ற எல்லாக் காரணிகளையும் கழித்துப் பார்த்தாலும், தேசிய வங்கிகளில் லத்தீனோ உரிமையாளருக்குக் கடன் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 60 சதவீதம் குறைவு என்றது அது. அதே வருடம் கோவிட் நிவாரணக் கடன் வந்தபோது வங்கிகள் ஏற்கெனவே தங்களோடு கணக்கு வைத்திருந்தவர்களைத்தான் முதலில் கவனித்தன.

வங்கிக்கு மாற்றாக இருப்பவற்றில் இரண்டை அருகருகே வைக்கலாம். முதலாவது கிராமீன் அமெரிக்கா. வங்கதேசத்தின் முகமது யூனுஸ் 2008இல் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் தொடங்கியது. ஒருவரையொருவர் அறிந்த ஐந்து பெண்கள் சேர்ந்து குழுவாக வர வேண்டும். சில நாள் பயிற்சி, பிறகு முதல் கடன் சுமார் 2,000 டாலர், ஆறு மாதத்தில் வாரத் தவணையாகத் திருப்ப வேண்டும். கிரெடிட் ஸ்கோர் கேட்பதில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டுவது, ஸ்கோர் கணக்கிடும் கிரெடிட் நிறுவனங்களுக்குப் போய்ச் சேரும். வட்டி உண்டு, சொற்ப வட்டி என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கப் பெண்கள்.

இரண்டாவது மிஷன் அசெட் ஃபண்ட். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹோசே கின்யோனெஸ் தலைமையில் தொடங்கியது. அவருக்கு 2016இல் மெக்கார்தர் விருது கிடைத்தது. மெக்சிகோக்காரர்கள் காலங்காலமாகப் போட்டுவரும் தாண்டாவை இந்த அமைப்பு அப்படியே எடுத்துக்கொண்டது. தாண்டா வேறொன்றுமில்லை, நம் ஊர்க் குலுக்கல் சீட்டுதான். பத்துப் பேர் மாதம் நூறு டாலர் போட்டால் மாதம் ஒருவருக்கு ஆயிரம். ஏலத் தள்ளுபடி கிடையாது, வட்டி கிடையாது. இந்த அமைப்பு செய்த காரியம் ஒன்றே ஒன்று. உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி, அந்தச் சீட்டை முறையான கடனாக்கி, மாதாமாதம் கட்டுவதைக் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவித்தது. அதுவரை சமையலறை மேஜையில் நடந்து காற்றோடு போன நாணயம் இப்போது கிரெடிட் ஸ்கோராகப் பதிவாகிறது. 2014இல் கலிபோர்னியா இதற்கென்றே சட்டமும் இயற்றியது.

எது மேல்? அவசரமாகச் சரக்கு வாங்க வேண்டும், தெரிந்த பெண்கள் நால்வர் இருக்கிறார்கள் என்றால் கிராமீன். பணம் இப்போது வேண்டாம், இரண்டு வருடம் கழித்துப் பெரிய கடன் வாங்கத் தயாராக வேண்டும் என்றால் தாண்டா. நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டியில் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம், சேர வந்த குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து கிராமீனை ஆராய்ந்தது. கிரெடிட் ஸ்கோர் மேம்பட்டதும், வாடகை, கரண்ட் பில் மாதிரி அன்றாட நெருக்கடிகள் குறைந்ததும் அதில் தெரிந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் வாராந்தரக் கூட்டமும் வாராந்தரத் தவணையும் மாதக் கடைசியில் பணம் வரும் தொழிலுக்குப் பொருந்தாது. மணப்பெண் உடை தைப்பவர், கேட்டரிங் ஆர்டர் எடுப்பவர் எல்லாம் அங்கே திணறுவார்கள்.

கீவா என்ற இணையத் திட்டம் 15,000 டாலர் வரை வட்டியில்லாமல் தருகிறது. முதலில் உங்கள் சொந்தபந்தம், நண்பர்களிடமிருந்து சிறுதொகை திரட்டிக் காட்ட வேண்டும். இங்கிலீஷில் கதை சொல்லத் தெரிந்தவருக்கு நல்லது.

சமையலறையே கொடுத்தால்?

மிஷன் பகுதியில் ஃபால்சம் தெருவில் 2005இல் தொடங்கிய லா கொசீனாதான் இந்த வரிசையில் என் முதல் தேர்வு. குறைந்த வருமானம் உள்ளவர்கள், அதிலும் குடியேறி வந்த பெண்கள், உணவுத் தொழில் தொடங்குவதற்கான இடம் அது. கலிபோர்னியாவில் வீட்டில் சமைத்து விற்பதற்குக் கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அனுமதிக்க வேண்டும். வணிகச் சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் சான் பிரான்சிஸ்கோ விலையில் கட்டுபடி ஆகாது. லா கொசீனா அந்த வாடகையைக் குறைத்துக் கொடுக்கிறது. பெரிய அடுப்பு, குளிர்பதன அறை, பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்டவை. முதல் சில மாதங்கள் தயாரிப்பு: மெனு, விலை, லைசன்ஸ், இன்சூரன்ஸ். அப்புறம் சில வருடங்கள் அந்தச் சமையலறையிலேயே தொழில். சந்தைக் கடை, கேட்டரிங் ஆர்டர், 2009 முதல் அவர்கள் நடத்திய தெருவுணவுத் திருவிழா என்று வாடிக்கையாளரையும் அவர்களே காட்டிவிட்டார்கள்.

இந்த வழியில் வளர்ந்ததுதான் எல் வராச்சே லோகோ. வராச்சே என்பது செருப்பு வடிவத்தில் நீளமாகத் தட்டிய தடித்த சோள ரொட்டி. உள்ளே பீன்ஸ், மேலே கறி, சல்சா, சீஸ். மெக்சிகோ நகரத் தெருச் சாப்பாடு. உழவர் சந்தையில் கடை போட்டுத் தொடங்கி, பிறகு மரின் கவுன்டியில் வசதியானவர்கள் வரும் வணிக வளாகத்தில் உணவகமாகவே ஆனது. இடையில் இருந்த தூரத்தைக் கடக்க வகுப்பு மட்டும் போதுமா? அதே ரொட்டியைச் சட்டப்படி சுட ஓர் அடுப்பு தேவைப்பட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. இடங்கள் மிகக் குறைவு. உணவுத் தொழிலுக்கு மட்டும்தான். வெற்றி பெற்ற மாதிரி என்பதால் எதைத் தொட்டாலும் துலங்கும் என்றும் இல்லை: அதே நகரின் டெண்டர்லாயின் பகுதியில் பழைய தபால் நிலையத்தில் 2021இல் அவர்கள் திறந்த உணவுச் சந்தை, கோவிடுக்குப் பிறகு ஆள்நடமாட்டம் குறைந்த அந்தப் பகுதியில் தாக்குப்பிடிக்காமல் 2023இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

மின்னியாபொலிஸ் நகரம் வேறு வழியில் போனது. லேக் தெருவில் 1999இல் திறந்த மெர்காடோ சென்ட்ரல், வியாபாரிகளே உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுச் சந்தை. தேவாலயத்தில் கூடிய ஸ்பானிஷ் பேசும் மக்களிடம் ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்காமல் ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று பட்டியல் எடுத்ததில் முளைத்தது. தொழிற்பயிற்சி முடித்தவர்கள் அதே கூரையின் கீழ் கடை போட்டார்கள். பேக்கரி, துணிக்கடை, சமையல் சாமான், ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை. அந்த அனுபவத்தில் 2003இல் லத்தீனோ பொருளாதார வளர்ச்சி மையம் உருவானது. லா கொசீனா ஒருவரைத் தூக்கிவிடுகிறது. மெர்காடோ ஒரு தெருவையே மாற்றியது. ஆனால் கூட்டுறவு என்றால் கூட்டம், ஓட்டு, சண்டை எல்லாம் சேர்ந்தே வரும். தனியாக முடிவெடுத்துப் பழகியவருக்கு அது ஒத்துவராது.

வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தொட்டவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டு நடத்தும் வளர்ச்சிப் பயிற்சி இருக்கிறது. மூலதனம் தேடுவதும் தொடர்புகளும்தான் அங்கே சரக்கு. அந்த அளவுக்கு வந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

காகிதம்

குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் அமெரிக்காவில் தொழில் நடத்தலாம். வரித்துறை 1996 முதல் தரும் ஐ.டி.ஐ.என். எண்ணை வைத்து வரி கட்டலாம், சில தொண்டு நிதி நிறுவனங்களில் கடனும் வாங்கலாம். ஆனால் எஸ்.பி.ஏ. உத்தரவாதம் தரும் கடன்களில் உரிமையாளர்களின் குடியுரிமை பற்றிய விதிகள் 2025இல் இறுகின. குடும்பத்தில் ஒருவருக்கு ஆவணம் இருந்து இன்னொருவருக்கு இல்லாத கலப்பு வீடுகள் ஏராளம். கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கடைக்கு இது நேரடி அடி. இப்படிப்பட்டவர்கள் அரசு வாசலில் ஆலோசனை கேட்டுக்கொண்டு, கடனுக்கு மிஷன் அசெட் ஃபண்ட் மாதிரி இடங்களுக்குப் போவதுதான் நடைமுறை.

நியூயார்க்கில் இன்னொரு சிக்கல். 1980களிலிருந்து தெருவுணவு வண்டிக்கான அனுமதிச் சீட்டுக்கு உச்சவரம்பு. அதனால் சீட்டு வைத்திருந்தவர்கள் கள்ளச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாடகைக்கு விட்டார்கள். 2021 சட்டம் ஆண்டுக்கு 445 வீதம் புதிய உரிமங்கள் தரச் சொன்னது. அந்த ஊரில் வண்டி போட நினைப்பவர், எந்தப் பயிற்சியில் சேர்வதற்கும் முன்னால் நகராட்சிக் காத்திருப்புப் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எந்தத் திட்டத்துக்குப் போன் செய்தாலும் கேட்க வேண்டியவை இவை: வகுப்பு மாலையிலா, பிள்ளைகளைக் கூட்டிவரலாமா, ஐ.டி.ஐ.என். ஏற்பீர்களா, தவணை கட்டுவதை கிரெடிட் நிறுவனத்துக்குச் சொல்வீர்களா, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது கடை வைத்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சான்றிதழ் வழங்கும் விழாவின் புகைப்படத்தை அனுப்பிவைத்தால், அடுத்த நம்பருக்கு அடியுங்கள்.