பழைய பைக் பிரேக்: எதைத் தேற்றலாம், எதை மாற்ற வேண்டும்?

பிரேக்கைப் பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிரித்துப் பரப்பி வைத்த பிறகு ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இதையே தேற்றலாமா, புதுசு வாங்கலாமா என்று யோசிப்பதில்தான் நாட்கள் ஓடும். மூன்று பழைய வண்டிகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், மூன்றிலும் ஏதாவது ஒரு முடிவைத் தப்பாக எடுத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

டிரம் பிரேக் என்றால் கேள்வி பெரும்பாலும் ஷூவைப் பற்றியதுதான், அதாவது டிரம்மின் உள்பக்கம் அழுத்தி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டை. கடையில் கிடைக்கும் புது ஷூ வாங்கி மாட்டச் சுலபம், ஆனால் அதன் வளைவு உங்கள் டிரம்மோடு பொருந்தாமல் நடுவில் மட்டும் ஒட்டலாம், அப்போது சரியாகப் பிடிக்காது. பழைய ஷூவுக்கே புது லைனிங் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) போட்டு, லேத்தில் டிரம் அளவுக்குக் கடைந்து வாங்கினால் முழுப் பரப்பும் உட்காரும். அதிலும் ரிவெட் லைனிங்கை வீட்டில் அடிக்கலாம், ஆனால் ரிவெட் தலை டிரம்மைக் கீறுவதற்குள் மாற்றிவிட வேண்டும். ஒட்டு லைனிங்கை இன்னும் மெலிதாகும்வரை ஓட்டலாம், அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து ஒட்ட வேண்டும் என்பதால் வெளியே கொடுப்பதே வழி. என் ஓட்டு ஒட்டு லைனிங்குக்கு. பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

டிஸ்க் கதை வேறு. 1969இல் ஹோண்டா சிபி750 வந்த பிறகுதான் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பரவலானது, ஆக அந்தத் தலைமுறை வண்டிகளில் லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. இதற்கு மூன்று வழிகள் உண்டு: உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை மட்டும் மாற்றும் சீல் கிட், தேய்ந்த உள்சுவருக்குள் புதுக் குழாய் செருகும் ஸ்லீவ், புது சிலிண்டர். மலிவானது கிட், நான் ஏமாந்ததும் அதில்தான். உள்சுவரில் கடுகளவு குழி இருந்தது, ஹோன் என்ற தேய்ப்புக் கருவி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று தேய்த்தேன். அலுமினியத்தின் மேலிருந்த ஆனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சுதான் போனது, குழி அப்படியே இருந்தது. இரண்டு வாரத்தில் லீவரை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல கைப்பிடிவரை இறங்கியது, கசிந்த ஆயில் டேங்க் பெயின்டையும் உரித்துவிட்டது. சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டுமே கிட்.

ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டால் வண்டியின் பழைய முகம் மாறாது, துருவும் பிடிக்காது. ஆனால் லீவரை விட்டதும் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித் துளையைச் சரியான இடத்தில் துளைத்து, பிசிறு நீக்கித் தர வேண்டும். பிசிறு சீலைக் கிழிக்கும், துளை அடைபட்டால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள கை கிடைக்காவிட்டால் இந்த வழி வேண்டாம். புது சிலிண்டர் பார்க்கப் பொருந்தாமல் இருக்கலாம், நிம்மதி தரும். சிலிண்டரின் உள்விட்டத்தை மட்டும் கவனியுங்கள்: 14 மி.மீ. இருந்த இடத்தில் 16 மி.மீ. போட்டால் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடும், லீவர் கல் மாதிரி ஆகும், அதே பிடிப்புக்குக் கை அவ்வளவு கூடுதலாக அழுத்த வேண்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் புதுசுதான் போடுவேன், கண்காட்சிக்குப் போகிற வண்டிக்கு ஸ்லீவ்.

காலிப்பரில், அதாவது டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இவ்வளவு யோசனை தேவையில்லை. உடலை வைத்துக்கொண்டு சீலையும் பிஸ்டனையும் மாற்றினால் போதும், குரோம் பிஸ்டனைவிட ஸ்டெயின்லெஸ் மேல். சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்த பொருக்கைச் சுரண்டாமல் புது சீல் போட்டால் அது பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் வேண்டாம், அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே லீவரை அழுத்தி அழுத்தி வெளியே தள்ளுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸில் பழசைத் தேற்றுவது என்ற பேச்சே கிடையாது. உள்ளே ரப்பர் வீங்கி, போன அழுத்தத்தைத் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். புது ரப்பரா, கம்பி பின்னிய ஹோஸா என்றால், லீவர் கெட்டியாக வேண்டுமானால் கம்பி, எதுவானாலும் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தாமிர வாஷர் புதுசு.

கடைசியாக பிரேக் ஆயில். அதன் தரத்தை டாட் (DOT) எண்ணால் சொல்வார்கள். டாட் 5 சிலிக்கான், பெயின்டை உரிக்காது, அந்த ஒன்றுக்காகவே ஆசை வரும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சாததால் உள்ளே போன தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும், நுண்குமிழும் எளிதில் வெளியேறாது. டாட் 4 ஈரத்தை உறிஞ்சும், அதனால் புதிதில் குறைந்தது 230 டிகிரியாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம், இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றினால் பிரச்சினையில்லை. நான் டாட் 4. டாட் 5.1 என்பது பெயரில்தான் 5க்குச் சொந்தம், உள்ளே 4இன் ஜாதி. சிலிக்கானையும் இவற்றையும் கலக்கவே கூடாது.

ஏர் எடுத்த (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) பிறகும் லீவர் மெத்தென்று இருந்தால் அதைக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கட்டை அவிழ்த்து, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், தடையில்லாமல் சுற்றினால் மட்டும் தெருவுக்கு எடுங்கள்.