கிணற்றடி பம்ப் அறையில் ஈதர்நெட்: டிவைஸ் ட்ரீயைக் கனகாலம் பாவித்த அனுபவம்

ராஸ்பெர்ரி பை ஸீரோ மாதிரி ஈதர்நெட் இல்லாத சின்னக் கணினிப் போர்டில் எஸ்பிஐ (சிப்புகளைச் சில வயர்களால் போர்டோடு இணைக்கும் பஸ்) வழியாக ஒரு ஈதர்நெட் சிப்பைக் கொழுவி வருடக்கணக்காக ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டலாம். ஆனால் எந்த சிப், என்ன விலை என்று பார்க்க முன் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன சிப் எங்கே இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) இன்டரப்ட் (தன்னைக் கவனிக்கச் சொல்லி சிப் அனுப்பும் சைகை) வரியை எப்படி எழுதுவது என்று விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில்தான் வந்து நின்றன.

எங்கள் பாவனை இதுதான்: சுன்னாகம் பக்கம் சித்தப்பாவின் தோட்டக் கிணற்றில் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளக்கும் சென்சர்கள், பம்ப் அறையில் ஒரு பை ஸீரோ. வருடம் முழுக்க ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் வெங்காயமும் புகையிலையும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும், அதனால் அளவுகள் இடையில் விடுபடக்கூடாது. பம்ப் அறையின் தடித்த கல்சுவரைத் தாண்டி வைஃபை ஒழுங்காக வரவில்லை, கேபிள் இழுத்தோம். பாவித்த ஈதர்நெட் சிப் முதலில் ஈஎன்சி28ஜே60, பிறகு டபிள்யூ5500.

பிசிஐ கார்ட் என்றால் தான் யார் என்று அதுவே கெர்னலுக்குச் சொல்லிவிடும். எஸ்பிஐயில் தொங்கும் சிப்புக்கு அந்த வசதி கிடையாது, எந்த பஸ்ஸில் எந்த இடத்தில் என்ன சிப், எந்தப் பின்னில் இன்டரப்ட் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ. 1994 இல் ஐஇஇஇ 1275 என்று தரமாக வந்த ஓப்பன் ஃபேர்ம்வேரில் இருந்து வந்த வழக்கம் இது. ஏஆர்எம் லினக்ஸ் இதைப் பிடித்துக்கொண்டது 2011க்குப் பிறகு. அதற்கு முன் ஒவ்வொரு போர்டுக்கும் தனி சி கோப்பு எழுதினார்கள், ஒரு பின் மாறினாலும் கெர்னலைத் திருப்பிக் கட்ட வேண்டும். இப்போது ஒரு சின்ன ஓவர்லே (அடிப்படை ட்ரீயின் மேல் சேர்க்கும் துண்டுக் கோப்பு) போதும், இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

சரி, இன்டரப்ட். ராஸ்பெர்ரி பையில் வழக்கமான ஓவர்லே இன்டரப்ட் வயரை ஜிபிஐஓ (பொதுப் பாவனைப் பின்) 25இல் எதிர்பார்க்கும். அது பை போர்டின் பிரதான சிப் வைத்திருக்கும் எண், வெளியே பின் வரிசையில் எண்ணினால் 22ஆவது பின். தெரிந்த பெடியன் ஒருவன் கொண்டுவந்த போர்டில் 22 என்று எழுதியிருந்தது; பூட் ஆகிறது, இன்டர்ஃபேஸ் தெரிகிறது, கெர்னல் லாக்கில் ஒரு பிழையும் இல்லை, பாக்கெட் மட்டும் வரவில்லை. நாங்கள் எழுதியதைக் கெர்னல் அப்படியே நம்பிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இன்னொன்று, இந்த மொடியூல்களை ஆர்டுயினோவில் (லினக்ஸ் இல்லாத சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்ட்) பாவித்துப் பழகியவர்கள் இன்டரப்ட் வயரையே கொழுவுவதில்லை, ஏனென்றால் அங்கே லைப்ரரிகள் பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தே வேலை செய்யும். லினக்ஸ் டிரைவர் அப்படி இல்லை, அந்த வயர் இல்லாவிட்டால் ஈஎன்சி28ஜே60 டிரைவருக்குக் கேபிள் செருகியதுகூடத் தெரியாது.

அடுத்தது இன்டரப்ட் வகை, அதாவது இன்டரப்ட் கோட்டில் எந்த மாற்றத்தைக் கெர்னல் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் எண். 1 ஏறும் விளிம்பு, 2 இறங்கும் விளிம்பு, 4 உயர்ந்தே இருக்கும் நிலை, 8 தாழ்ந்தே இருக்கும் நிலை. ஈஎன்சி28ஜே60 செய்தி வந்ததும் கோட்டைக் கீழே இழுத்து, சிப்புக்குள் இருக்கும் அறிவிப்புக் கொடியை டிரைவர் துடைக்கும்வரை அப்படியே வைத்திருக்கும். அதற்கு 2. ஏற்கெனவே கீழே இருக்கும்போது இன்னொரு பாக்கெட் வந்தால் புது விளிம்பு வராதே என்று கேட்கலாம்; டிரைவர் வேலை செய்யும் நேரத்தில் சிப்பின் இன்டரப்டை மொத்தமாக அணைத்து, முடிந்ததும் திருப்பிப் போடுகிறது, மிச்சம் ஏதும் இருந்தால் கோடு புதிதாக இறங்கும். அங்கே 1 என்று எழுதினால் கோடு இறங்கும், துடைக்க யாரும் வர மாட்டார்கள், அது ஏறவும் மாட்டாது. டபிள்யூ5500க்கு ஓவர்லே 8 போடுகிறது, கோடு கீழே இருக்கும்வரை கெர்னல் வந்துகொண்டே இருக்கும். நீண்ட ஓட்டத்தில் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

சந்தேகம் வந்தால், கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ரொக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிங் அடியுங்கள். எண் ஏறவில்லை என்றால் வயர் அல்லது வரி. எண் வெறிபிடித்த மாதிரி ஏறுகிறது என்றால் வகை பிழையாக இருக்கலாம். 100,000 இன்டரப்டில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் ஏற்காவிட்டால் கெர்னல் அந்தக் கோட்டையே மூடிவிடும்.

2022 இல் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்ற காலத்தில் வேறொரு பிரச்சினை வந்தது. ஈஎன்சி28ஜே60க்குள் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) எழுதப்பட்டிருக்காது, நீங்கள் கொடுக்காவிட்டால் டிரைவர் ஒவ்வொரு பூட்டிலும் ஏதோ ஒன்றை உருவாக்கும். கரண்ட் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் ரவுட்டருக்கு அது புது ஆள், புது ஐபி. அளவுகளைச் சேகரிக்கும் கணினி பம்ப் அறைப் போர்டைத் தேடிக் களைத்துப்போனது. டிவைஸ் ட்ரீயில் லோக்கல்-மேக்-அட்ரெஸ் என்று ஆறு பைட் எழுதியதோடு அது தீர்ந்தது. முதல் பைட்டை 02 என்று தொடங்குங்கள், உள்ளூரில் நாங்களே வைத்த முகவரி என்று அதற்கு அர்த்தம்.

வீட்டில் தரவைச் சேர்ப்பது ஆல்வின்னர் எச்3 என்ற ப்ரொசெசர் உள்ள ஒரு கிகாபிட் போர்ட். அங்கே ஈதர்நெட் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் இன்டரப்ட் மூன்று எண்களாக வரும்: 0, 82, 4 (நடுவில் இருப்பது இன்டரப்ட் எண், கடைசி வகை). ப்ரொக்கில் பார்த்தால் 114 என்று காட்டும், பயப்பட வேண்டாம், ஏஆர்எம் இன்டரப்ட் கன்ட்ரோலர் முதல் 32ஐ ஒவ்வொரு கோருக்கும் உரியவைக்காக ஒதுக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் இவற்றை எண்ணுகிறது. எங்களைச் சரியாக மினக்கெடுத்தியது 5.9 கெர்னல். அதில் ஆர்டிஎல்8211ஈ என்ற பிஎச்ஒய் சிப்பின் (கேபிளோடு நேரடியாகப் பேசும் சிப்) டிரைவரில் சைகைகளின் தாமத அமைப்பைத் திருத்தினார்கள், திருத்தம் சரியானதுதான், ஆனால் பல போர்டுகளின் டிவைஸ் ட்ரீயில் ப்ரொசெசருக்கும் பிஎச்ஒய்க்கும் இடையிலான இணைப்பு வகை ஆர்ஜிஎம்ஐஐ என்று மட்டும் இருந்ததால் லிங்க் விளக்கு எரியும், பாக்கெட் போகாது. ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி என்று மாற்றினால் ஏறத்தாழ 2 நானோசெக்கன் தாமதத்தைப் பிஎச்ஒய் சிப்பே கொடுக்கும். அதற்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.

இப்போது வாங்குவதென்றால் டபிள்யூ5500 எடுங்கள். ஈஎன்சி28ஜே60 10 மெகாபிட்தான், பாக்கெட் வைக்க 8 கிலோபைட், டூப்ளெக்ஸை (ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்புவதா, மாறி மாறியா என்பதை) தானாகப் பேசி முடிவெடுக்காது, சித்திரை வைகாசி வெக்கையில் தொட முடியாத சூடு. மற்றதில் 32 கிலோபைட், 100 மெகாபிட். கையில் ஏற்கெனவே பழையது இருந்தால் எறிய வேண்டாம், சென்சர் அளவுகளுக்கு அது தாராளம், எங்கள் இரண்டாவது கிணற்றில் இன்னும் அதுதான் ஓடுகிறது. கெர்னலை மேம்படுத்த முன் மட்டும், ஓடிக்கொண்டிருக்கும் ட்ரீயை டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) என்ற கருவியால் எழுத்தாக மாற்றி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மேம்படுத்திய பிறகு நெட்வொர்க் நின்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மாறிய வரி உடனே கண்ணில் படும்.