சாம்பு, அப்புசாமி, ஆடு: ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு எது?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. மே மாத லீவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு வந்தவள், "சிரிக்கதுக்கு ஒரு கதைப்புத்தகம் தாங்க சித்தி" என்றாள். அதுவும் போனை ஓரமாக வைத்துவிட்டு. இப்படியொரு சந்தர்ப்பத்தை விடக்கூடாதே என்று வீட்டில் கிடந்தது, நூலகத்தில் எடுத்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டேன்.

அவளே கையோடு கொண்டுவந்திருந்தது 'டைரி ஆஃப் எ விம்பி கிட்'. 2007இல் வந்தது, பக்கத்துக்குப் பக்கம் படம், கையால் எழுதிய மாதிரி எழுத்து. ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்கு இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ஆனால் மறுநாள் அதிலிருந்து ஒரு வரிகூட அவள் வாயில் வரவில்லை.

என் ஓட்டு தேவனின் 'துப்பறியும் சாம்பு'வுக்குத்தான் இருந்தது. 1940களில் விகடனில் வந்த கதைகள்; அசட்டு சாம்பு எதையோ செய்யப் போக, அதுவே துப்பாக அமைந்து திருடன் மாட்டிக்கொள்வான். முதல் இரண்டு கதைக்கு நன்றாகச் சிரித்தாள். மூன்றாவதில், "எப்படியும் இவரு ஜெயிச்சிருவாரு, இல்லா?" என்று மூடி வைத்துவிட்டாள். தப்பு என்மேல்தான். பத்திரிகையில் இடைவெளி விட்டு வந்த கதைகளை மொத்தமாகக் கொடுத்தால் பாயசத்தை அண்டாவோடு வைத்த மாதிரிதான், ராத்திரிக்கு ஒன்று என்று கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து மெட்ராஸ் பேச்சுக்கு நான் வேறு பக்கத்தில் உட்கார்ந்து உரை சொல்ல வேண்டியிருந்தது.

பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி – சீதாப்பாட்டி இன்னும் வேகம். தாத்தா, பாட்டி சண்டை, பாட்டிகள் முன்னேற்றக் கழகம் என்று ஒரே அடிதடி. பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இவள் முகத்தில் அசைவே இல்லை. உருவத்தை வைத்துச் செய்கிற பழைய பத்திரிகைக் கேலி இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளிடம் எடுபடுவதில்லை, அதில் நியாயமும் உண்டு.

(தேரூர் கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' இருக்கே என்று கேட்பீர்கள். நல்ல நக்கல்தான். ஆனால் செய்யுள், போதாததற்குச் சொத்துத் தகராறு. பிளஸ் டூ முடியட்டும்.)

கடைசியாகத்தான் மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. தமிழில் தந்தவர் நம்ம குளச்சல் மு. யூசுஃப். சின்னப் புத்தகம். எழுத்தாளர் நிம்மதியாக இருக்கலாம் என்று சொந்த வீட்டுக்கு வருகிறார். அங்கே உம்மா, தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிமார், பிள்ளைகள், கோழி, போதாக்குறைக்குத் தங்கச்சி பாத்துமா கூட்டிவரும் ஆடு. யாரும் யார் சொல்லையும் கேட்பதில்லை, எல்லாருக்கும் அவரிடம் காசு வேண்டும். ஆடு அவர் எழுதிய 'பால்யகால சகி'யையும் 'சப்தங்க'ளையும் தின்று தீர்த்துவிட்டுப் போர்வையைக் கடிக்கப் போகும்போதுதான் அவர் பதறுகிறார். புத்தகத்துக்கு வேறு பிரதி கிடைக்கும், போர்வைக்குக் கிடைக்காதே! அந்த இடம் வந்ததும் இவள் சிரித்த சிரிப்பில் டம்ளர் சாயா பாயில் கொட்டியது.

என்ன சத்தம் என்று அப்பா வந்து எட்டிப் பார்த்தார். 1956 நவம்பரில் நம்ம பக்கம் தமிழ்நாட்டோடு சேரும் முன்னால் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், மூலத்தையே வாசித்திருக்கிறார். பாத்துமாவுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்கள் ஆட்டைக் கறக்கும் கதையை அவர் சொல்ல, "தாத்தா, நான் இன்னும் அங்க வரல்ல!" என்று இவள் காதைப் பொத்திக்கொண்டாள். சாம்புவுக்கு நான் உரை சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அந்த வீடு கேரளத்துத் தலையோலப்பறம்பில் இருந்தாலும் எங்கள் வீட்டுக் கூச்சலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

லீவு முடிந்து போகும்போது புத்தகத்தையும் எடுத்துப் போய்விட்டாள். திருப்பிக் கேட்டால், "ஆடு தின்னுட்டு சித்தி" என்கிறாள்.