நடையா, நாற்காலியா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் புற்றுநோய் என்றால் பலருக்கும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) தான். கீமோ முடிந்து பஸ்ஸில் திரும்பியவரிடம் வீட்டில் சொல்வது ஒன்றே ஒன்று: "பேசாம படுங்கப்பா." நோய் ஒருபக்கம் தசையைக் கரைக்கும், படுக்கை மறுபக்கம்.

சரி, எழுந்துவிட்டார். எதைச் செய்யச் சொல்வது?

நடை எளிது. ரப்பர் தோட்டத்து வழியே காலையில் ஒரு சுற்று. களைப்பு குறையும், மனமும் தெளியும். 2019-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை வாரம் 3 நாள், 30 நிமிடம் என்கிறது. ஆனால் மெலிந்த தொடை நடையால் மட்டும் பெரிதாகத் தேறாது.

நாற்காலிப் பயிற்சியில் பிடிமானம் இல்லாமல் எழ வேண்டும், பொத்தென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். கடைசி இரண்டு முறை தொடை நடுங்கும்; அங்கேதான் வேலை நடக்கிறது. கழிப்பறையில் எழுவதும் பஸ் படி ஏறுவதும் இந்தத் தசையை நம்பித்தான். இதுபோன்ற பயிற்சி வாரம் 2 முறை. 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணிவைத்தால் முன்னேற்றமும் தெரியும்.

இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு நாற்காலிக்கு. எலும்பில் நோய் பரவியிருந்தாலோ ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

அப்புறம், வெறும் கஞ்சி போதாது. 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 75 கிராம் புரதம் வேண்டும்: பயறு, முட்டை, மீன்.