ஸ்டார்ட்டிங் ஸ்பிரே: குளிர்ந்த படகு எஞ்சினுக்கு வாங்கலாமா?

ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சினின் காற்று வழியில் அடிக்கும் இந்த ஸ்பிரே வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. இதிலுள்ள ஈதர் என்ற எளிதில் தீப்பற்றும் திரவம் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். டீசலுக்கு 200-க்கு மேல் வேண்டும். சிக்கலும் அங்கேதான். குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பாகம்) உள்ள டீசல் எஞ்சினில் அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து, ரிங்கையோ கனெக்டிங் ராடையோ பதம் பார்த்துவிடும். டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டிலோ (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும்.

பெட்ரோல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மட்டும், அதுவும் பழுது கண்டுபிடிக்க மட்டும் வாங்குங்கள். ஏர் இன்டேக்கில் ஒரு விநாடி போதும். ஓடி உடனே நின்றால் ஸ்பார்க் சரி, எரிபொருள்தான் வரவில்லை. பிரைமர் பல்பு (எரிபொருள் குழாயில் உள்ள கை பம்ப்) அழுத்த அழுத்த இறுகுகிறதா, சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் ஸ்பிரேயால் பயனில்லை, பேட்டரியைக் கவனியுங்கள்.